கேரவன் பேட்டரி ஏன் கொதிக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

"பேட்டரி சூடாகிறது, என்ன செய்வது?" என்று எழுதுகிறவர்கள் பலர், எங்கே சூடு என்பதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். டெர்மினலில் மட்டும் சூடா? ஒரு செல் (பேட்டரிக்குள் இருக்கும் தனிப் பிரிவு) இருக்கும் பக்கம் மட்டும் சூடா? பெட்டி முழுக்கச் சூடா? இல்லை, பேட்டரி வைத்திருக்கும் அறையே சூடா? இந்த நான்கும் நான்கு வேறு கோளாறுகள். சார்ஜரை மாற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் 12 வோல்ட் அமைப்புக்கானவை.

சார்ஜ் ஏறும்போது பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கிறது. எதுவரை சரி, எப்போது பயப்பட வேண்டும்?

லெட் ஆசிட் பேட்டரி என்றால், வெளிக்காற்றைவிட 5 முதல் 10 டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. 45 டிகிரி வந்தால் சார்ஜ் கரண்டைக் குறையுங்கள். 50 வந்தால் நிறுத்திவிடுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பொதுவாக அந்த அளவுக்குச் சூடேறாது; ஏறினால் காரணம் தேடத்தான் வேண்டும்.

டிகிரியைவிட முக்கியமானது, சூடு எந்த நேரத்தில் வருகிறது என்பது. காலி பேட்டரியில் கரண்ட் வேகமாக ஏறும் முதல் கட்டத்தில் சூடு வரும். நிரம்ப நிரம்பக் கரண்ட் குறையும், சூடும் தணியும். மாறாக, பேட்டரி நிரம்பிய பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால், உள்ளே போகும் கரண்ட் சேமிப்பாகாமல் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்குகிறது என்று பொருள். ஏஜிஎம், ஜெல் என்ற மூடிய லெட் ஆசிட் வகைகளில் அந்த வாயு உள்ளேயே மறுபடி தண்ணீராகச் சேர்கிறது. அப்படிச் சேரும்போது வெப்பம் வெளிவருவதால், ஓவர் சார்ஜில், தண்ணீர் ஊற்றும் திறந்த வகையைவிட இவைதான் சீக்கிரம் கொதிக்கும்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் டெர்மினலில் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளந்து பாருங்கள்.

இன்வெர்ட்டரில் கெட்டில் போட்டால் ஒரு டெர்மினல் மட்டும் தொட முடியாதபடி கொதிக்கிறது. பேட்டரி ஜில்லென்று இருக்கிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கோளாறு பேட்டரியில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. 2000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடினால், அதன் சொந்த இழப்பையும் சேர்த்து 185 முதல் 190 ஆம்பியர் வரை இழுக்கும். டெர்மினலும் லக்கும் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) சேரும் இடத்தில் 1 மில்லி ஓம் தடை இருந்தால்கூட அந்தச் சின்ன இடத்தில் 36 வாட் வெப்பம் உண்டாகும். கரண்ட் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். சிறு லோடில் தெரியாத தளர்வு கெட்டில் போட்டதும் தெரிவது இதனால்தான்.

எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வையுங்கள். லோடு ஓடும்போது ஒரு முனையை டெர்மினல் ஈயத்தின் மேலேயே வைத்து, மற்றதை லக்கின் உலோகத்தில் வையுங்கள். 150 ஆம்பியர் ஓடும்போது 20 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50ஐத் தாண்டினால் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு ஒரு முனையை லக்கிலும் மற்றதைக் கேபிளின் செம்பிலும் வைத்துப் பாருங்கள். அங்கே வோல்ட் காட்டினால் கிரிம்ப் (லக்கைக் கேபிளோடு சேர்த்து அழுத்திய இடம்) சரியில்லை. இன்சுலேஷன் லக்கை ஒட்டிக் கறுத்திருந்தால் அளக்கவே வேண்டாம், வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள். சுத்தியலால் தட்டி இறுக்கிய லக், சாலிடரை மட்டும் நம்பிய லக் இரண்டும் இந்தக் கரண்டுக்கு ஆகாது. ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருப்பவரிடம் கொடுத்து அழுத்திக்கொள்ளுங்கள்.

பிரிக்கும் முன் இன்வெர்ட்டர், சார்ஜர், சோலார் மூன்றையும் நிறுத்துங்கள். சோலாரில் பேனல் பக்கத்தை முதலில் துண்டிக்க வேண்டும். பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். ஈயம் பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷ் போடுங்கள்.

மாட்டும்போது பலர் சறுக்கும் இடம் வாஷர். லக் நேராக டெர்மினல் மேல் உட்கார வேண்டும். வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் அதற்கு மேலேதான். லக்குக்கு அடியில் ஸ்டீல் வாஷர் போனால் முழுக் கரண்டும் அதன் வழியே போகும், அதுவே அடுப்பாகிவிடும். ஒரே போல்ட்டில் பல லக்குகள் இருந்தால் அதிகக் கரண்ட் ஓடுவது அடியில் இருக்கட்டும். மூன்றுக்கு மேல் போனால் பஸ்பார் (பல கேபிள்களை மாட்டும் உலோகப் பட்டை) வைத்துவிடுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதைப் பேட்டரியின் கையேடு நியூட்டன் மீட்டரில் சொல்லியிருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். ஈய டெர்மினலைக் கை பலத்தில் முறுக்கினால் உள்ளே சீல் விட்டுப்போகும். வண்டி ஓடும் அதிர்வில் இணைப்பு தளரும் என்பதால் முதல் நீண்ட பயணம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

வெயில் காலத்தில் ஏஜிஎம் பேட்டரியின் பக்கங்கள் உப்பிவிட்டன. சோலார் கன்ட்ரோலரில் 14.4 வோல்ட்தான் வைத்திருந்தேன்.

14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. பேட்டரி சூடாக இருந்தால் அதே வோல்ட் ஓவர் சார்ஜ் ஆகிவிடும். செல்லுக்கு, டிகிரிக்கு சுமார் 4 மில்லி வோல்ட் குறைக்க வேண்டும். ஆறு செல்லுக்கு 24 மில்லி வோல்ட். பேட்டரி 45 டிகிரியில் இருந்தால் 20 டிகிரி கூடுதல், ஆக 0.48 வோல்ட். அப்போது 14.4 வைக்கும் இடத்தில் 13.9 போதும். துல்லியமான எண் கம்பெனிக்குக் கம்பெனி 3 முதல் 5 மில்லி வோல்ட் வரை மாறும், டேட்டா ஷீட்டைப் பாருங்கள்.

இதைக் குறைக்காவிட்டால் ஒரு சுழல் தொடங்குகிறது. சூடான பேட்டரி அதே வோல்ட்டில் அதிகக் கரண்ட் எடுக்கும், அதனால் மேலும் சூடேறும், சூடேறியதால் இன்னும் எடுக்கும். பிளாஸ்டிக் இளகி, உள்ளழுத்தத்தில் உப்புவது அதற்குப் பிறகுதான். உப்பிய பேட்டரி திரும்ப வராது, அதை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

புதியது வாங்கும்போது வெப்ப சென்சார் உள்ள கன்ட்ரோலர் வேண்டும். சென்சார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் சென்சார், கன்ட்ரோலர் இருக்கும் இடத்தின் வெப்பத்தைத்தான் அறியும். தனி ஒயரில் வரும் சென்சாரைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் மாட்டுங்கள், அல்லது பக்கச் சுவரின் நடுப்பகுதியில் ஒட்டுங்கள். பல பேட்டரி வரிசையாக இருந்தால் நடுவில் உள்ளதில் வையுங்கள், அதுதான் அதிகம் சூடாகும். பேட்டரிகளுக்கு இடையே குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இடைவெளியும் விடுங்கள்.

இரண்டு பேட்டரிகளைப் பேரலலாக இணைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் சூடாகிறது. சார்ஜரை அணைத்த பிறகும் சூடு இறங்கவில்லை.

"அணைத்த பிறகும்" என்று எழுதியதுதான் துப்பு. சூடாகும் பேட்டரியில் ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்க வேண்டும். அதன் வோல்ட் 10.5 பக்கம் இறங்க, நல்ல பேட்டரி தன் கரண்டை இரவு முழுக்க அதற்குள் கொட்டிக்கொண்டிருக்கும். சார்ஜர் போட்டாலும், வோல்ட் உரிய அளவுக்கு ஏறாததால் "இன்னும் நிரம்பவில்லை" என்று சார்ஜர் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டையும் உடனே பிரியுங்கள். 12 மணி நேரம் எதுவும் மாட்டாமல் விட்டு, தனித்தனியே அளந்து பாருங்கள். நிரம்பிய நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 காட்டும். மற்றது 10.5 அருகில் நின்றால் அதன் ஆயுள் முடிந்தது. திறந்த வகை என்றால் ஹைட்ரோமீட்டரால் செல் செல்லாகப் பார்க்கலாம். ஒரு செல்லின் கிராவிட்டி (ஆசிடின் ஒப்படர்த்தி) மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்தச் செல்தான் குற்றவாளி.

இரண்டும் 12.7 காட்டினால் ஒயரிங்கைச் சந்தேகியுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருந்தால் அதற்குத்தான் வேலை அதிகம். பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவைக் கடைசிப் பேட்டரியிலிருந்தும் எடுங்கள். இடையில் போகும் கேபிள்கள் ஒரே நீளம், ஒரே தடிமன் இருக்கட்டும். பழசோடு புதுசைச் சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்; புதுசின் ஆயுளையும் பழசே தின்றுவிடும்.

பேட்டரி அறையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். அலாரமும் அடித்தது.

முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். இது கொதிக்கும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம், சமையல் எரிவாயுக் கசிவாகவும் இருக்கலாம். இரண்டின் நாற்றமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிலிண்டர் வால்வை மூடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிடுங்கள். சார்ஜரின் மின்சாரத்தை வண்டிக்கு வெளியே உள்ள இணைப்பில் நிறுத்துங்கள். பேட்டரி அருகே சுவிட்ச் போடுவதோ கேபிளைக் கழற்றுவதோ கூடாது. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்.

நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி உள்ளே போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எரிவாயு அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் பேட்டரி வாயுக்கும் அடிக்கலாம். அதனால் "அலாரம்தான் கெட்டுவிட்டது" என்று அலாரத்தின் பேட்டரியைப் பிடுங்கிப் போடுவது ஆபத்து. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஈயமும் ஆசிடும் ஆற மணிக்கணக்காகும். முழுக்க ஆறிய பிறகு, கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக் கழற்றுங்கள்.

லித்தியத்துக்கு மாறினேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மதியம் சார்ஜ் நின்றுவிடுகிறது. வண்டி ஓட்டும்போது ஆல்டர்னேட்டரும் கொதிக்கிறது.

இரண்டு தனிக் கோளாறுகள். சார்ஜ் நிற்பதற்குக் காரணம் பிஎம்எஸ், அதாவது லித்தியம் பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் சர்க்யூட். பெரும்பாலான லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் ஏற்கும். சில 55 வரை போகும். மதியம் கட்டிலடி அந்த எல்லையைத் தொடுகிறது. பிஎம்எஸ்ஸைத் தாண்டி நேரே ஒயர் கொடுப்பது தற்கொலைக்குச் சமம். அறைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று எனக் காற்றுத் துளைகள் வையுங்கள், தெர்மோஸ்டாட்டோடு சிறு ஃபேன் போடுங்கள், ஹீட்டரின் குழாய் பக்கத்தில் போகிறதா என்றும் பாருங்கள். பழைய சார்ஜரை அப்படியே விட்டிருந்தால் ஈக்வலைஸ் (வேண்டுமென்றே கூடுதல் வோல்ட் கொடுப்பது), வெப்பத் திருத்தம் இரண்டையும் அணைத்து, 14.2 முதல் 14.4 வரை வையுங்கள், ஃப்ளோட் (நிரம்பிய பிறகு தொடர்ந்து கொடுக்கும் வோல்ட்) 13.5 போதும்.

ஆல்டர்னேட்டர் கதை வேறு. லெட் ஆசிட் பேட்டரி நிரம்ப நிரம்ப இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்தின் உள் தடை மிகக் குறைவு, கிடைப்பதையெல்லாம் கடைசிவரை இழுக்கும். நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகத்தான் சுற்றும், அந்த நிலையில் முழு லோடு அதன் வைண்டிங்கைக் கருக்கிவிடும். நடுவே, இழுக்கும் கரண்டைக் கட்டுப்படுத்தும் 30 அல்லது 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைப்பதுதான் வழி. நேரடி இணைப்பில் இன்னொரு வம்பும் உண்டு: ஓட்டும்போது பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தால் எழும் வோல்ட் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கொன்றுவிடும்.

ஃப்யூஸையும் பாருங்கள். ஷார்ட்டானால் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் தரும். அதை அறுக்கும் திறன் உள்ள கிளாஸ் டி ஃப்யூஸைப் பாசிட்டிவ் டெர்மினலுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் போடுங்கள்.

திறந்த வகை பேட்டரியில் அடிக்கடி தண்ணீர் வற்றுகிறது.

ஓவர் சார்ஜ், அல்லது சூடான இடம். நிரம்பிய பிறகு ஃப்ளோட்டில் வோல்ட் அளந்து பாருங்கள், 13.2 முதல் 13.6க்குள் இறங்காமல் 14க்கு மேலேயே நின்றால் சார்ஜர் கெட்டிருக்கிறது. பிளேட் வெளியே தெரிந்தால், மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் செய்து, பிறகு அளவு வரை நிரப்புங்கள். ஆசிட் சேர்க்காதீர்கள்.

சோலார், மின் இணைப்பு, ஆல்டர்னேட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் சார்ஜ் செய்தால் சூடாகுமா?

வோல்ட் ஏறாது, கரண்ட்தான் ஏறும்; அதனால் சூடாகலாம். 100 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) ஏஜிஎம்முக்கு 20 முதல் 30 ஆம்பியர் பொதுவான எல்லை. சார்ஜர் 30, சோலார் 25 சேர்ந்தால் 55 ஆகிவிடும். மொத்தத்தைப் பார்த்து ஒன்றில் கரண்ட் எல்லையைக் குறைத்துவிடுங்கள்.

சில மாதம் வண்டியை வெயிலில் நிறுத்தப்போகிறேன். பேட்டரியை என்ன செய்வது?

கழற்றிக் குளிர்ந்த இடத்தில் வைக்க முடிந்தால் அதுவே மேல். வெப்பம் 8 முதல் 10 டிகிரி கூடினால் லெட் ஆசிடின் ஆயுள் பாதியாகும். லெட் ஆசிடை முழுக்க நிரப்பி வைத்து, 12.4க்குக் கீழே போகும் முன் சார்ஜ் செய்யுங்கள். லித்தியத்தைப் பாதி அளவில் வையுங்கள். முழுதாக நிரப்பிச் சூட்டில் விடுவதுதான் அதற்குக் கெடுதல்.

கழற்ற முடியாதென்றால் மெயின் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாதீர்கள். பல வண்டிகளில் சோலார் கன்ட்ரோலரின் ஒயர் அந்தச் சுவிட்சுக்கு முன்பே நேராகப் பேட்டரியில் மாட்டியிருக்கும். லித்தியம் என்றால் பேனல் பக்கத்தையும் துண்டித்துவிடுங்கள். லெட் ஆசிட் என்றால், வெப்ப சென்சார் வேலை செய்கிறது என்று உறுதியானால் மட்டும் சோலாரை ஓட விடலாம்.