அக்காவுக்கு என் இனிப்பு நீர் மாத்திரையைக் கொடுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். இனிப்பு நீருக்கு (சர்க்கரை நோய்) அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபோர்மின் தருகிறார்கள். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது, இனிப்பு நீர் இல்லை. இந்த மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அது முடுக்கிவிடும் ஏஎம்பிகே என்சைம் புற்றை வளர்க்கும் என்று இன்னொரு செய்தி. என் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்குச் சர்க்கரை ஏறும், அக்காவுக்கும் பலன் இருக்காது.

இரண்டு செய்தியுமே முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. ஏஎம்பிகே நம் உயிரணுவுக்குள் எரிபொருள் கணக்கு பார்க்கும் என்சைம். ஆற்றல் குறைந்தால் கொழுப்பு, புரதம் கட்டும் வேலையை நிறுத்தி, கையிருப்பை எரிக்கச் சொல்லும். பால்மரம் (ரப்பர்) இலை உதிர்க்கும் காலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பால் குறையும், வளர்ச்சி நிற்கும், ஆனால் மரம் சாகாது, அப்புறம் துளிர்க்கும்.

புற்று தொடங்கும் கட்டத்தில் இந்த ஓய்வு நல்லது. உயிரணு கண்டபடி பெருகாது. ஏஎம்பிகேயை முடுக்கும் எல்கேபி1 மரபணு பிறவியிலேயே பழுதானால் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோய் வரும். அவர்களுக்குக் குடல், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். கட்டி வளர்ந்துவிட்டாலோ கதை வேறு. அதன் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாக எட்டாது. குளுக்கோசும் ஆக்சிஜனும் இல்லாத அந்தப் பஞ்சத்தில், புற்றணு இதே என்சைமைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பும்.

சரி, மனிதர்களிடம் என்ன நடந்தது? மெட்ஃபோர்மின் சாப்பிடும் இனிப்பு நீர்க்காரர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருவதாக 2005இல் ஸ்காட்லாந்துத் தரவுகள் காட்டின. அந்த நம்பிக்கையில்தான் உங்கள் அக்காவைப் போல இனிப்பு நீர் இல்லாத 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளைச் சேர்த்து ஆய்வு நடத்தினார்கள். சிலருக்கு 850 மில்லிகிராம் மெட்ஃபோர்மின், தினம் இரண்டு வேளை, 5 ஆண்டுக்கு. மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. 2022இல் முடிவு வந்தது: நோய் திரும்பாமல் இருப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கும் ஏமாற்றம்தான்.

அக்கா ஏற்கெனவே ஒன்றிரண்டு மாத்திரை போட்டிருந்தால் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்கும்போது இதை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். உங்கள் மாத்திரையை நீங்களே வழக்கம்போல் சாப்பிடுங்கள். பல வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால், அடுத்த முறை கிளினிக்கில் வைட்டமின் பி12 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இந்த மருந்து அதைக் குறைக்கும்.