சென்னையில் இடிக்கப்பட்ட கட்டடங்களில் உங்களால் மறக்க முடியாதது எது? அது எப்படி இல்லாமல் போனது?

மூர் மார்க்கெட். யோசிக்கவே வேண்டாம்.

சென்ட்ரலை ஒட்டிப் புறநகர் ரயில்கள் வந்து நிற்கிற இடம் இருக்கிறதே, அதுதான். அந்த நிலையத்துக்கு இன்னமும் ‘மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்’ என்றுதான் பெயர். கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் வந்து இறங்குகிற பிள்ளைகளிடம் மார்க்கெட் எங்கேப்பா என்று கேட்டால் முழிப்பார்கள். சந்தை போய்விட்டது, பெயர் மட்டும் ரயில் ஏறிவிட்டது.

பிராட்வேயில் இருந்த பழைய சந்தைக்குப் பதிலாகக் கட்டியது இது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் காலத்தில், 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்தார்கள். செக்கச்செவேல் என்று இந்தோ சாரசெனிக் பாணிக் கட்டடம். பக்கத்தில் நிற்கும் வெள்ளை ரிப்பன் மாளிகை வந்தது 1913இல். வயதில் மூர் மார்க்கெட்டுக்குத் தம்பி.

நான் பார்த்த காலத்தில் அங்கே கிடைக்காதது எது என்று கேட்பதுதான் சுலபம். கிராமபோன் தட்டு, கூண்டோடு கிளி, யாரோ போட்டுக் கழித்த கோட்டு, பொம்மை. எல்லாவற்றுக்கும் மேலே பழைய புத்தகம். நாலு பக்கமும் வரிசையாகக் கடைகள். சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கடையில் பேரம் படியாமல் நகர்ந்தால், அடுத்த கடைக்காரர் காதில் அது விழுந்திருக்கும். எட்டணா குறைத்துக் கூப்பிடுவார். அதுவும் சரிவரவில்லை என்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முதல் கடைக்கே திரும்பலாம், ரோஷம் பார்க்காமல் இருந்தால்.

எங்கள் வீட்டில் வருடா வருடம் மே மாதம் இதற்கென்றே ஒரு பயணம் உண்டு. முடித்த வகுப்பின் புத்தகங்களை விற்று, அடுத்த வகுப்புக்கானவற்றைப் பழையதாக வாங்குவது. 1985இல் என் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பெரம்பூரிலிருந்து அப்பாவும் நானும் போனோம். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா சார், பாடம் மாறிப்போச்சு, இத எவன் வாங்குவான்?” என்றார். வாய்க்கு வந்த விலையைச் சொன்னார். அப்பா அரை மணி நேரம் மல்லுக்கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு சுற்று முடித்துத் திரும்பினால், என் கணக்குப் புத்தகம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, அவர் எங்களுக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு விலையில்! பாடம் மாறாத புத்தகமாக அதற்குள் ஆகிவிட்டது. அப்பா சிரித்துவிட்டார். பிளஸ் ஒன் புத்தகங்கள் அன்றைக்குச் சரியாக அமையவில்லை. இரண்டு வாரம் கழித்து வரலாம் என்று திரும்பினோம்.

மே 30ஆம் தேதி மார்க்கெட் எரிந்துபோனது.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். கடைகள் முழுக்கக் காகிதம். எரியக் கேட்க வேண்டுமா? தீ தானாகப் பிடித்ததா என்று ஊரில் ரொம்ப நாள் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒன்று. நாங்கள் போய்ப் பார்த்தபோது உள்ளே கரியும் சாம்பலும் கிடந்ததே தவிர, செங்கல் சுவர்கள் நின்றுகொண்டிருந்தன. கூரை போட்டு மீட்டிருக்கலாம் என்பது அன்றும் இன்றும் என் எண்ணம். மீட்கவில்லை. இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ரயில்வேயின் உயரமான கட்டடம் வந்தது. அதன் முன்னால் மூர் மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றைக் கட்டி வைத்தார்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மார்க்கெட் எரிந்த அதே வருடம் பக்கத்திலிருந்த மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குப் போய்விட்டதால், பெரம்பூர்ப் பையன்களுக்கு அந்தப் பக்கம் போகக் காரணமே இல்லாமல் போனது.

வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். அது மாடிக் கட்டடம். பழைய புத்தகம் என்பது தேடிப்போய் வாங்குவதல்ல, போகிற வழியில் காலைத் தடுக்க வேண்டும். படி ஏறி யார் போவார்கள்? பின்னாளில் அங்கே நீதிமன்றங்கள் வந்து, அல்லிக்குளம் என்றாலே கோர்ட் என்றாகிவிட்டது.

அந்த வருடம் அப்பா முழு விலை கொடுத்துப் புதுப் புத்தகங்கள் வாங்கித் தந்தார். அடுத்த மே மாதம் அவற்றை விற்கப் போனோம். அதே கடைக்காரர் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பாடம் மாறிப்போச்சு சார்” என்றார்.

அப்பா அன்றைக்குப் பேரம் பேசவில்லை.