மெயில் மென்பொருள்: இலவசம் என்றாலும் பார்த்து வாங்குங்கள்

விண்டோஸோடு வந்த மெயில் ஆப் செயல்படவில்லை. புது அவுட்லுக்கில் ஒரே விளம்பரம். செலவில்லாமல் வேறு என்ன இருக்கிறது? – ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருள் இருக்கிறது. பழைய மெயில் ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பரோடு கைவிட்டுவிட்டது, இனி வராது. புது அவுட்லுக்கில் ஜிமெயிலைச் சேர்த்தால் உங்கள் மெயில்களின் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் போகும். தண்டர்பேர்ட் ஜிமெயிலோடு நேராகப் பேசும். இஎம் கிளையண்ட்டும் நல்லதுதான். ஆனால் அதன் இலவசப் பதிப்பு இரண்டு கணக்குக்கு மட்டும், அதுவும் சொந்த உபயோகத்துக்கு. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு ஆகாது.

கடையில் தண்டர்பேர்ட் போட்டுவிட்டு ‘ஆயுள் லைசென்ஸ்’ என்று 1,500 ரூபாய் வாங்கினார்கள். சரியா? – குன்னூர்

அநியாயம். நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. தண்டர்பேர்ட் 2004-இல் வந்த நாளிலிருந்தே இலவசம். போட்டுக்கொடுத்த கூலி கேட்கலாம், லைசென்ஸ் என்று கேட்பது ஏமாற்று. எதற்கு வாங்கிய பணம் என்று எழுதிய பில் கேளுங்கள். தராவிட்டால் யுபிஐ ரசீதையும் வாட்ஸாப் பேச்சையும் பத்திரப்படுத்தி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உதகை நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கம்ப்யூட்டரில் மெயில் இறக்கினேன். இரண்டு வாரம் கழித்து போனில் பழைய மெயில் எதுவும் இல்லை. மென்பொருள் மோசமா? – கொடைக்கானல்

மென்பொருள் மேல் பழி போடாதீர்கள். கணக்கைச் சேர்க்கும்போது ‘பாப்’ என்று இருந்ததைப் படிக்காமல் தட்டியிருக்கிறீர்கள். தபாலாபீஸில் கிடக்கும் கடிதங்களை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வருவது போன்றது பாப். தண்டர்பேர்டில் சர்வரில் விட்டுவைக்கும் காலம், மாற்றாவிட்டால், 14 நாள். அதன்பிறகு அழித்துவிடும். வீட்டில் போன், கம்ப்யூட்டர் என இரண்டு இருக்கும் காலத்தில் இதை ஏன் இன்னும் நீட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

‘ஐமேப்’தான் வேண்டும். அது கடிதங்களைத் தபாலாபீஸிலேயே விட்டுவைத்து, போனிலும் கம்ப்யூட்டரிலும் காட்டும். கணக்கு அமைப்பில் உள்வரவு போர்ட் 993, பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல். வெளியேற்றம் 465 அல்லது 587. பாப் கணக்கை ஐமேப்பாக மாற்ற முடியாது. அதே முகவரியை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்த்து, பழைய மெயில்களை அதன் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். நகர்த்தாதீர்கள். மழையில் லைன் அறுந்தால் பாதியில் நிற்கும், அதனால் இருநூறு இருநூறாகப் போடுங்கள். அவை போனில் தெரிந்த பிறகே பழையதை நீக்கலாம். கணக்கு அமைப்பில் ‘இந்தக் கணினியில் வைத்திரு’ என்பதற்கு டிக் இருந்தால் காற்றில் கேபிள் விழுந்த நாளிலும் படிக்கலாம். ஜிமெயில் என்றால் ‘ஆல் மெயில்’ ஃபோல்டரின் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மெயிலும் இரண்டு முறை இறங்கும்.

தண்டர்பேர்டைத் தேடியதும் முதலில் வந்த தளத்தில் இறக்கினேன். இப்போது பிரவுசரே மாறிவிட்டது. – கூடலூர்

முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். எத்தனை தடவைதான் எழுதுவது! இறக்கியதை நீக்கி, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டி, பாஸ்வேர்டை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். சரியான தளம் தண்டர்பேர்ட் டாட் நெட்.

தண்டர்பேர்ட் விண்டோஸ் 7-இல் ஓடுமா? – பண்ணைக்காடு

115-ஆம் பதிப்பு வரை. மேலே ஓடாது.

ஃபார்மேட் போடுவதற்கு முன் மெயிலை எப்படிக் காப்பாற்றுவது? – உதகை

ஹெல்ப் மெனுவில் ‘ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ போய், உங்கள் மெயில்கள் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்துகொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் நகலெடுங்கள். நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் மெயிலை வெளியே எடுக்க வழியே இருக்கவில்லை. இங்கே அது இவ்வளவுதான். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஃபோல்டரில் உங்கள் பாஸ்வேர்டும் இருக்கும், பென்டிரைவைக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.