ரோஜா என்றால் எந்த ரோஜா?

போன மாதம் "ரோஜா பற்றிக் கேளுங்கள்" என்று இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என் ரோஜாச் செடி சரியில்லை" என்கின்றன. எந்த ரோஜா என்று ஒருவரும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்? திருச்சியில் என் மொட்டை மாடியில் 32 தொட்டி ரோஜா இருக்கிறது. ஒன்றின் குணம் இன்னொன்றுக்குக் கிடையாது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

பாட்டி வீட்டில் ஒரே ஒரு ரோஜா பூத்தால் முற்றமே மணக்கும். இப்போது கடையில் வாங்கும் ரோஜாவில் வாசனையே இல்லை. மருந்து அடிப்பதாலா? – வாசகி, கும்பகோணம்

மருந்தின் மேல் பழி போடாதீர்கள். பாட்டி வீட்டில் இருந்தது அநேகமாக எட்வர்ட் ரோஸ். நர்சரியில் பன்னீர் ரோஜா என்று கேட்டாலும், நான் பார்த்த வரை பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். பளிச்சென்ற ரோஸ் நிறம், நெருக்கமான இதழ். காலையில் பறித்தால் சாயங்காலம் உதிர்ந்துவிடும். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு இருக்கிறதே, அதற்கு அந்தக் காலத்தில் பூர்போன் என்று பெயர். அங்கே வேலிக்கு நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகவே கலந்து, சுமார் 200 வருடங்களுக்கு முன் உண்டான வம்சம் இது. மணம் டமாஸ்க் கொடுத்தது. வருடத்தில் பல தடவை பூக்கும் குணம் சீன ரோஜா கொடுத்தது.

கடையில் நீளக் காம்போடு ஒற்றை மொட்டாக விற்பது ஹைப்ரிட் டீ வகை. 1867-ல் பிரான்சில் வந்த 'லா ஃபிரான்ஸ்' ரகத்தைத்தான் அதன் முதல் பூ என்று கணக்கு வைக்கிறார்கள். அதற்கு நல்ல மணம் உண்டு! வாசனை போனது பின்னால்தான். வெட்டுப்பூ வியாபாரத்துக்காக ரகம் தேர்ந்தெடுத்தவர்கள் காம்பு நீளமா, பெட்டியில் அடுக்கினால் தாங்குமா, ஜாடியில் பத்து நாள் நிற்குமா என்று பார்த்தார்கள். மூக்கை யாரும் கேட்கவில்லை. காதலர் தினத்துக்கு ஓசூரிலிருந்து போகும் சிவப்பு 'தாஜ்மஹால்' ரோஜாவைக் கையில் எடுத்தால் புரியும்: பார்க்க ராஜா, முகர்ந்தால் ஒன்றுமில்லை.

ஹைப்ரிட் டீயே வேண்டும், மணமும் வேண்டும் என்றால் 'மிஸ்டர் லிங்கன்' என்ற அடர்சிவப்பு ரகத்தையோ 'டபுள் டிலைட்'டையோ கேளுங்கள். டபுள் டிலைட் வெண்ணெய் நிறத்தில் விரியும். வெயில் பட்ட இதழோரம் சிவந்துகொண்டே போகும். நிழலில் வைத்துவிட்டு "சிவக்கவே இல்லை" என்று அடுத்த மாதம் எழுதாதீர்கள்.

ஒட்டுச் செடி வாங்கினேன். முதல் வருடம் பெரிய மஞ்சள் பூ. இப்போது கொடி போல எட்டடி வளர்ந்திருக்கிறது, மஞ்சளைக் காணோம்! – வாசகர், விருத்தாசலம்

இதே கூத்து என் வீட்டிலும் நடந்தது. போத்து, அதாவது அடியிலிருந்து கிளம்பும் புதுக் கிளை, சரசரவென்று ஏறியதைப் பார்த்து, என் கைராசி என்று எட்டு மாதம் எரு போட்டு வளர்த்தேன். கடைசியில் கொத்துக் கொத்தாகப் பொடி வெள்ளைப் பூ! நான் வளர்த்தது அடிச்செடியை.

தண்டின் அடியில் முடிச்சு போல இருக்குமே, அங்கேதான் காட்டு ரோஜா அடிச்செடியின் மேல் மஞ்சள் ரகத்தின் கண்ணை, அதாவது துளிர்க்கும் மொட்டை, வைத்து ஒட்டியிருப்பார்கள். அதற்குக் கீழிருந்து எது கிளம்பினாலும் அது காட்டு ரோஜா. விட்டால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். ஒரே காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுப் போத்து என்பார்கள். முழுக்க நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், வெட்டினால் இரண்டாகக் கிளைக்கும். கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள். மஞ்சள் கிளை ஒன்றாவது பச்சையாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

ஊட்டியில் உள்ளங்கை அகலம் பூத்த செடி, எங்கள் ஊரில் எலுமிச்சம்பழம் அளவுதான் பூக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகி, விருதுநகர்

இல்லை. குளிரில் மொட்டு நிதானமாக வளரும், இதழ் கூடும், நிறம் ஏறும். உங்கள் ஊர் சித்திரை வெயிலில் அவசரமாக விரிந்து வெளுத்துவிடும். அக்டோபரில் கவாத்து செய்யுங்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுங்கள். சுமார் 45 நாளில் வரும் பூவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கோடைக்கும் பூ வேண்டுமென்றால் ஃப்ளோரிபண்டா வாங்கலாம். பூ சிறிசுதான், ஆனால் கொத்தாக வரும், தொட்டி வெறுமையாக நிற்காது.

ஆன்லைனில் நீல ரோஜா விதை விற்கிறார்களே? – வாசகர், சேலம்

வாங்காதீர்கள். நீலத்துக்கான டெல்ஃபினிடின் என்ற நிறமி ரோஜாவில் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சி பூவின் மரபணுவைப் புகுத்தி 2009-ல் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவே கத்தரிப்பூ நிறம்தான். தவிர, விதையில் முளைக்கும் ரோஜா தாய்ச் செடி போலப் பூக்காது.

நம் நாட்டுக்கே சொந்தமான ரோஜா உண்டா? – கல்லூரி மாணவி, திண்டுக்கல்

உங்களுக்குப் பக்கத்திலேயே உண்டு. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலை ஓரங்களில் ஏறும் 'ரோசா லெஷனால்டியானா'. ஐந்தே இதழ், வெள்ளை. புதுச்சேரியில் தாவரத் தோட்டம் நடத்திய பிரெஞ்சுக்காரர் லெஷனால்ட்டின் பெயர் அது. இன்னும் இரண்டு உண்டு: வங்காளத்து ஆற்றங்கரையில் தண்ணீரில் நின்றும் அழுகாத 'கிளினோஃபில்லா', மணிப்பூர் மலையின் 'ஜைஜான்டியா'. ஐஏஎஸ் அதிகாரியாக இருந்த எம்.எஸ். வீரராகவன், கொடைக்கானலில் தன் மனைவி கிரிஜாவோடு சேர்ந்து இந்த இரண்டையும் வைத்து, வெப்பம் தாங்கும் புது ரகங்களை உருவாக்கினார். அவர்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயர்.

முள் இல்லாத ரோஜா இருக்கிறதா? பேத்தி பூப் பறிக்க ஆசைப்படுகிறாள். – வாசகர், தஞ்சாவூர்

எலுமிச்சை முள் கிளையிலிருந்து உருவானது, ஒடியாது. ரோஜா முள் வெறும் தோல் வளர்ச்சி. பக்கவாட்டில் அழுத்தினால் 'டக்'கென்று கழன்றுவிடும். பேத்தி பறிக்கும் கிளையில் மட்டும் அப்படி எடுத்துவிடுங்கள். முள்ளே இல்லாத ரகம் என்றால் 'ஸெஃபிரின் ட்ரூயன்', கும்பகோணத்துப் பாட்டியின் எட்வர்டுக்கு உறவுக்காரி, மணமும் உண்டு. எங்காவது கிடைத்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள். 33-வது தொட்டி காலியாக இருக்கிறது.