நண்பரின் லார்ஜ் சைக்கிள் – கடிதம்

வணக்கம் சார்,

நாற்பத்தொரு வயதில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் ஆசை வந்திருக்கிறது. நான்கு மாதமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். 27.5 அங்குலச் சக்கரமா 29-ஆ, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் போதுமா, அலுமினியமா கார்பனா என்று அட்டவணை போட்டும் முடிவெடுக்க முடியவில்லை. இதற்கிடையில் ஆறடி உயர நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய சைக்கிளைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். லார்ஜ் ஃபிரேம். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் சமாளித்தேன், இறக்கத்தில் கைகால் நடுங்கிவிட்டது, வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கு இயல்பிலேயே பயம் அதிகமோ என்னவோ. எதை வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அட்டவணையை மூடி வையுங்கள். 29 வாங்குங்கள், கல்லையும் வேரையும் சுலபமாக ஏறிக் கடக்கும். உங்களுக்குப் பொருந்தும் ஃபிரேமில் 27.5தான் வருகிறது என்றால் அதையே வாங்குங்கள், குடி ஒன்றும் முழுகிவிடாது. முதல் சைக்கிளுக்குக் கார்பனைப் பற்றி யோசிப்பது வெட்டி வேலை. பின் சஸ்பென்ஷனும் இப்போது வேண்டாம். அதே பணத்துக்கு ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது, வாங்கினால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் பிரேக்கும் ஒரு படி நல்லதாகக் கிடைக்கும், பின் சஸ்பென்ஷனுக்கென்று கழற்றிப் பராமரிக்க வேண்டிய பேரிங்குகளும் இருக்காது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்காகப் பாருங்கள். சரி, கேள்விகள் முடிந்தன.

இதற்காக மட்டும் என்றால் நான் பதிலே எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பயம் பற்றிய வரிதான் என்னை உட்கார வைத்தது. போன வாரம் என் அக்கா ஏதோ பேச்சுக்கு நடுவில் "எனக்குத்தான் சைக்கிள் வராதே" என்றாள். நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். அவளைவிட ஒரு முழம் உயரமான மாமாவின் மலை சைக்கிளில் ஒரு மண் பாதையில் இறங்கும்போது, பயந்து சட்டென்று காலை ஊன்றப் பார்த்திருக்கிறாள், கால் எட்டவில்லை, சீட்டுக்கு முன்னால் உள்ள குறுக்குப் பார் இடித்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். பெரிய அடி இல்லை. ஆனால் அதோடு விட்டுவிட்டாள். சைக்கிள் பெரியது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இத்தனை வருடம் கழித்தும் அதை உண்மை என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை, இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

இறக்கத்தில் நாம் சீட்டில் உட்காருவதில்லை. பெடல்கள் இரண்டையும் சமமாக வைத்து எழுந்து நிற்கிறோம், முழங்கை மடிந்து வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், சைக்கிள் கீழே குதித்து ஆடும்போது அந்த ஆட்டத்தைக் கைகால்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹேண்டில்பார் தொலைவில் இருந்தால் கை முழுக்க நீண்டுவிடும், நீண்ட கை எதையும் வாங்காது, ஒவ்வொரு கல்லும் நேராகத் தோளில் வந்து இடிக்கும். எடை தானாகப் பின்னால் போய்விடும். முன் டயரில் பாரம் குறைந்தால் வளைவில் அது மண்ணைப் பிடிக்காமல் வழுக்கும். அந்த வழுக்கலைத்தான் உங்கள் உடம்பு கண்டுபிடித்து நடுங்கியிருக்கிறது. இதைப் பயம் என்று எழுதுகிறீர்கள். உங்கள் உடம்பு உங்களைவிட விவரமாக இருக்கிறது ஐயா!

நண்பர் விடமாட்டார். சீட்டை முன்னால் தள்ளிக்கொள்ளலாம் என்பார். நிற்கும்போது சீட் எங்கே இருந்தால் என்ன? ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கலாம் என்பார். இப்போது வரும் மலை சைக்கிள்களில் அது ஏற்கெனவே குட்டைதான், இன்னும் ஒரு சென்டிமீட்டர் பிடித்தால் அதிகம். ஃபிரேமின் ரீச், அதாவது பெடல் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சிவரை உள்ள தூரம், ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் மாறும். உங்களுக்கு ஸ்மால் சரியாக வரும், சில கம்பெனிகளில் மீடியம். ஒருவரின் மீடியம் இன்னொருவரின் ஸ்மாலாக இருக்கலாம், அதனால் எழுத்தை நம்பாமல் ரீச் எண்ணைப் பாருங்கள். லார்ஜ் எந்தக் கணக்கிலும் வராது. வளர்ந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வாங்கும் சட்டையா இது? நாற்பத்தொரு வயதுக்கு மேல் நீங்கள் வளரப் போவதில்லை.

சஸ்பென்ஷன் இருந்தால் பயம் போய்விடும் என்ற நினைப்பும் உங்கள் அட்டவணைக்குள் எங்கோ ஒளிந்திருக்கும். 1976-ல் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைப்பக்கம் மலை சைக்கிளின் முன்னோடிகளான கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் கூட்டம் மண் பாதையில் பந்தயம் விட்டபோது, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்த கனத்த பழைய சைக்கிள்களில்தான் இறங்கியது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், கீழே வந்து சேர்வதற்குள் அதன் கிரீஸ் சூட்டில் புகைந்துவிடும், திரும்பவும் அடைக்க வேண்டும். அடுத்த வருடம் பிரீஸ் அந்த ஓட்டத்துக்கென்றே புது ஃபிரேம் செய்தார். ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் கடைக்கு வர அதற்கப்புறமும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அவர்கள் அசாத்திய துணிச்சல்காரர்கள், நீங்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை. சஸ்பென்ஷன் வருவதற்கு முன்பே மனிதர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

கடைக்குப் போனால் இதைச் செய்யுங்கள். காலணியோடு குறுக்குப் பாரின் இருபுறமும் கால் ஊன்றி நில்லுங்கள், இரண்டு பாதமும் தரையில் படிந்து, பாருக்கும் உங்களுக்கும் நடுவே நான்கு விரல் நுழைய வேண்டும். பிறகு சீட்டை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, பெடலில் எழுந்து நின்று உருட்டிப் பாருங்கள், இடுப்பைப் பின்னால் கொண்டுபோனாலும் முழங்கையில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்கிறதா? ஒரு விரலால் பிரேக் எட்டுகிறதா? எட்டாவிட்டால் லீவரை உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலானவற்றில் அதற்கென்றே ஒரு ஸ்க்ரூ இருக்கும். விற்பவர் அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடுங்கள்.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நான்தான் தடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். திட்டினால் என்னைத் திட்டட்டும்.