வாசல் படி ஓரத்தில் நீல ஸ்ப்ரூஸ் வைக்கலாமா?

புதிதாக வீடு வாங்கியிருக்கிறோம், வாசல் படிக்கு இரண்டு பக்கமும் நீல ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படி ஓரத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நானும் வந்த புதிதில் இதே ஆசையில் விழுந்தவன்தான். பனிக்காலத்தில் தெருவே மொட்டையாகக் கிடக்க, இது மட்டும் வெள்ளி பூசிய மாதிரி நின்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இடுப்பளவுக் கன்றை ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி நட்டேன். கன்றில் கட்டியிருந்த சீட்டில் போட்டிருந்தது பத்து வருட உயரம், நான் அதையே முழு உயரம் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் சாதாரணமாக 50 அடி போகும், அடியில் 15, 20 அடி பரவும். நடைபாதையில் போகிறவர்களை ஊசி குத்துகிறதே என்று ஒரு பக்கம் உள்வரை வெட்டிவிட்டேன், பழைய கட்டையிலிருந்து அது துளிர்க்காது என்று அப்போது தெரியாது. பாதி சவரம் செய்த முகம் மாதிரி இன்றும் நிற்கிறது.

அப்புறம் அந்த நீலம். ஒரு ஊசியை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், அடியில் வெறும் பச்சைதான். மேலே படிந்த மெழுகுதான் நீலமாகத் தெரிகிறது, அதனால் பூச்சிக்கு எண்ணெய் மருந்து அடித்தால் நீலமும் போய்விடும். விதையில் வந்த கன்றுகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம்; நல்ல நீலம் வேண்டுமென்றால் ஹூப்ஸி மாதிரி ஒரு ரகத்தை ஒட்டுக்கன்றாக வாங்குங்கள்.

நோயையும் சொல்லிவிடுகிறேன். இது ராக்கி மலைப் பக்கத்து மரம், கொலராடோவின் மாநில மரமே இதுதான். அங்கே காற்று வறண்டது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் கோடைப் புழுக்கம் இதற்கு ஆகவே ஆகாது. ரைசோஸ்பேரா என்ற பூஞ்சை வந்தால் பழைய ஊசிகள் ஊதா கலந்த பழுப்பாகி உதிரும், கீழ்க்கிளையில் ஆரம்பித்து மேலே ஏறும். மறைப்புக்காக நெருக்கி வரிசையாக நட்ட இடங்களில் காற்றோட்டம் இல்லாமல் இது வேகமாகப் பரவும். தெளிப்பான் தண்ணீர் இலையில் படாமல் திருப்பி வையுங்கள்.

நல்ல வெயில் விழும் மூலை இருந்தால், வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, ஒன்றே ஒன்று நடுங்கள். பின்னால் கரும்பச்சை மரங்கள் இருந்தால் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். இரண்டு மூன்று வைத்தால் கண் எதிலும் நிற்காது. படி ஓரத்துக்குக் குளோபோசா என்ற குட்டை ரகம் சரியாக வரும், அதற்கும் மூன்று நாலடி இடம் விடுங்கள். எப்போதாவது நடுவிலிருந்து ஒரு குருத்து நெட்டுக்குத்தாகக் கிளம்பும், பார்த்ததுமே அடியோடு வெட்டிவிடுங்கள்.