பழைய வீட்டுக்குக் குடிபோகும் முன்

எங்கள் குடும்பத்துப் பழைய வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதைச் சரிசெய்து சின்னக் குழந்தைகளோடு குடியேறப் போகிறோம். சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. மொத்தமாகக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, மேலே ஈரம் தாங்கும் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான், அதற்குப் பிறகும் வெகுகாலம் வீடுகளைச் சுண்ணாம்பிலும் மண்ணிலும்தான் கட்டினார்கள். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பூச்சு வழியாகவே காற்றில் விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும், கூடவே உப்பும் வந்து உள்ளிருக்கும் செங்கல்லை அரிக்கும். சில வருடத்தில் சிமெண்டே பலகை பலகையாகக் கழன்று விழும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வருடக்கணக்காக மண் சேர்ந்து சேர்ந்து வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும், பல வீடுகளில் இதுதான் காரணம். அந்த மண்ணை வெட்டி எடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் கொட்டுகிறதா, புதைந்த குழாய் கசிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு, அப்புறம் சுவரைக் காயவிடுங்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு, அதாவது ஒன்பது அங்குலச் சுவர் காய முக்கால் வருடம்கூட ஆகலாம். குடிபோகும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்கவே பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் காத்திருங்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்புச் சாந்தையே மெல்லிய அடுக்குகளாகப் பூசச் சொல்லுங்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெதுவாக இறுகும், அதனால் வெயிலில் சட்டென்று உலராதபடி ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகள் இருப்பதால் இன்னொன்று. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவந்ததே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோதித்துப் பார்க்காமல் கதவு, ஜன்னல்களை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவோ தீ காட்டி உரிக்கவோ விடாதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டி, தூளைத் துணியால் துடைத்து எடுக்கும் வரை பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

சுவரில் விரிசல் இருக்கிறது. இடித்துக் கட்டுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று தெரியாமல் இடிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் தாண்டி அது உடையாமல் இருந்தால் பழைய அசைவு நின்றுவிட்டது என்று ஓரளவு நம்பலாம். களிமண் தரை ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் என்பதால்தான் இரண்டு பருவமும் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்வாகப் போகும் விரிசலோ, 5 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்ததோ இருந்தால், கண்ணாடி ஒட்டிக் காத்திருக்காமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம். எதில் தொடங்குவது?

கூரையில். அடுத்து வயரிங்: ரப்பர் உறை போட்ட பழைய கம்பி தொட்டாலே பொடியும், அதை முழுவதும் மாற்றி, எர்த்தும் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் போட்டுவிடுங்கள். உத்தரங்கள் சுவருக்குள் போகும் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், மரம் அங்கேதான் முதலில் உளுக்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் நல்ல தச்சர் அதை வெட்டிப் புது மரம் ஒட்டுப்போட்டுவிடுவார், முழு உத்தரத்தையும் கழற்ற வேண்டியதில்லை. சமையலறை அலமாரியும் தரை டைல்ஸும் குடியேறிய பிறகு செய்துகொள்ளலாம்.